அறுபத்து மூவரின் தொற்று

முனைவர் சந்திரசூடன் ஓர் அறைக்குள் நுழைவதற்கு முன்பே அவருடைய பதவிப் பெயர் நுழைந்து நாற்காலி தேடும். கடல்மதில் வாரியத்தின் தலைமைக் கணினிப் பாதுகாப்பு ஆணையர். கணினிக் கிருமித் தடுப்புச் சட்டத்தின் வரைவுக் குழுத் தலைவர். ‘தொற்றில்லா மதில்’ திட்டத்தின் நிறுவன இயக்குநர். மேடைகளில் இதை ஒருவர் வாசிக்கத் தொடங்கினால் மைக் செட்காரர் வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு நிதானமாகத் திரும்பி வரலாம். அவருக்குக் கீழே பழுது நீக்கும் பிரிவில் உதவிப் பொறியாளராக இருந்த தையல்நாயகிக்கு அவ்வளவு நீளம் கிடையாது. எது கெட்டாலும் ‘தையல் மேடத்தைக் கூப்பிடு’ என்பார்கள். கெட்டது சரியானதும் சந்திரசூடன் கட்டுரை எழுதுவார்.

கடல் ஊருக்குள் புகுந்த பிறகு நாகப்பட்டினத்துக்குத் தெற்கே முப்பத்தெட்டு கிலோமீட்டருக்கு மதில் கட்டியிருந்தார்கள். மதில் கடலைத் தடுத்தது. மதிலுக்குள் பெய்கிற மழையை யார் தடுப்பது? அதை இறைத்துக் கடலில் கொட்ட அறுபத்து மூன்று பம்ப் ஹவுஸ்கள். ஊரார் அவற்றை ‘அறுபத்து மூவர்’ என்று பக்தியோடு அழைத்தார்கள். ஒவ்வொன்றிலும் மோட்டாரை ஓட்ட ஒரு கணினிப் பெட்டி. பெட்டிகளைச் செய்த வெளிநாட்டுக் கம்பெனி இழுத்து மூடிப் பதினோரு வருடம் ஆகிறது. புதுப் பெட்டி வாங்கும் டெண்டர் ஒன்பதாவது முறையாகத் தள்ளிப்போயிருந்தது. இருந்தும் ஒரு பெட்டிகூட நின்றதில்லை. இந்த அதிசயத்தைப் பற்றிச் சந்திரசூடன் நான்கு ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார். காரணம், அவர் கண்டறிந்தபடி, அவரேதான். எந்தப் பெட்டியையும் எந்த வலையோடும் இணைக்கக் கூடாது என்பது அவருடைய கொள்கை. “கம்பியே இல்லாதபோது கிருமி எந்த வழியாக வரும்?” என்று மேடையில் கேட்டு, பதிலுக்கு இடம் விடாமல் கைதட்டலுக்கு இடம் விடுவார்.

பதில், ஆயுத பூசை.

வருடா வருடம் அன்றைக்கு எல்லா நிலையத்திலும் மோட்டாரைத் துடைத்து, பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் இட்டு, பொரிகடலை படைப்பார்கள். படைத்ததும் பெட்டியில் அம்மன் பாட்டு ஓட வேண்டும். பாட்டு ஒரு பென் டிரைவில் இருந்தது. உலகம் மறந்தே போன அந்தப் பொருள் இந்த மதிலில் மட்டும் தெய்வாதீனமாக உயிரோடு இருந்தது. ஒன்றாம் நிலையத்தில் செருகி, பாட்டு முடிந்ததும் கற்பூரம் காட்டிப் பிடுங்குவார்கள்; இரண்டாம் நிலையத்து ஆள் பைக்கில் வந்து வாங்கிப் போவார். இப்படியே போய்ச் சாயங்காலம் அறுபத்து மூன்றாம் நிலையத்தில் பூசணிக்காய் உடையும். கம்பியில்லாத மதிலில் வருடத்துக்கு ஒரு நாள் எல்லாப் பெட்டிகளும் ஒரே டிரைவைத் தொட்டுக்கொண்டன என்ற செய்தி அந்த நான்கு கட்டுரைகளிலும் இல்லை. சந்திரசூடனின் கணக்கில் அது பாதுகாப்பில் சேரவில்லை, பண்பாட்டில் சேர்ந்தது.

அந்த வருடம் ‘தொற்றில்லா மதில்’ தேசிய விருதுக்குப் போனது. விருதுக் குழு, பெட்டிகளைத் தொடும் பொருள்கள் அனைத்துக்கும் பட்டியல் கேட்டது. தையல்நாயகி நேர்மையாக பென் டிரைவையும் எழுதினாள். பூசைக்கு மூன்று வாரம் இருக்கும்போது, நாற்பத்தொன்றாம் நிலையத்து ஆப்பரேட்டர் பிலோமினாளிடமிருந்து டிரைவை வாங்கி வந்து சோதித்தாள். அன்று மதியம் சந்திரசூடனின் அறைக் கதவைத் தட்டினாள்.

“சார், பாட்டு சுத்தமா இருக்கு. பாட்டை ஓட்டுற புரோகிராம்லதான் இருக்கு.”

“என்ன இருக்கிறது?” சந்திரசூடன் வீட்டிலும் மேடைத் தமிழ்தான் பேசுவார் என்று கேள்வி.

“வைரஸ் சார்.”

அவர் எழுந்து நின்றுவிட்டார். இருபது வருடமாகக் கோட்டை காத்தவர். இன்றுதான் முதல் எதிரி வந்திருக்கிறான். முகத்தில் கல்யாணக் களை.

“எவ்வளவு பெரியது?”

“ரெண்டாயிரம் பைட்டு இருக்கும் சார். ஒரு பக்கம் லெட்டர் அளவு.”

“அவ்வளவுதானா?” என்றார், கௌரவக் குறைச்சலாக.

“அவ்வளவுதான் சார். ஆனா என்ன வேலைப்பாடு! புரோகிராம் ஃபைலோட வால்ல போய் ஒட்டிக்குது. முதல் வரியை மாத்தி ‘வாலுக்கு வா’ன்னு எழுதி வெச்சிடுது. மெஷின் வாலுக்கு வரும். தன் வேலையை முடிச்சிட்டு, ஒளிச்சு வெச்சிருந்த பழைய முதல் வரியைக் கையில குடுத்து அனுப்பிடும். பாட்டு பாட்டுக்கு ஓடும். இந்தப் பக்கம் டிரைவ்லேந்து பெட்டிக்கு ஏறும், சுத்தமான டிரைவ் வந்தா பெட்டிலேந்து அதுக்கு இறங்கும். ஏறுறதுக்கு முன்னாடி, நாம ஏற்கனவே இங்க இருக்கோமான்னு ஒரு அடையாளம் தேடிப் பாக்குது சார். இருந்தா பேசாம திரும்பிடுது, இருக்கிறது பழசுன்னா மட்டும் அதை அழிச்சிட்டு உக்காருது. மோட்டார் ஓடும்போது எதையும் தொடறதில்ல. நானூறு நாள் ஆனா முதல் வரியை இருந்த இடத்துலயே வெச்சிட்டு, தன்னைத் தானே அழிச்சிக்குது.”

“நீங்கள் என்ன, மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி பேசுகிறீர்கள்? அது செய்யும் தீங்கு என்ன?”

தையல்நாயகி கொஞ்சம் யோசித்தாள். “பெட்டி உரிமம் கேக்குற இடத்துல உக்காந்துகிட்டு, எப்பக் கேட்டாலும் ‘உரிமம் இருக்கு’ன்னு பதில் சொல்லுது சார். பூட்டைத் திறந்தே வெச்சிருக்கு. பின்னாடி வேற எவனோ வர்றதுக்கு வழி பண்ணுதுன்னு நினைக்கிறேன்.”

இந்தத் தொழிலைப் படித்த எவரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். பூட்டு திறந்து கிடந்தால் திருடனைத் தேடுவது படிப்பு. உள்ளே மாட்டிக்கொண்டவர்களை விடுவிக்கத்தான் யாரோ திறந்து வைத்தார்களோ என்று கேட்பதற்குப் பாடத்திட்டத்தில் இடமில்லை.

நான்கு நாளில் அவள் ஒரு கிருமிநீக்கி எழுதினாள். நாளைக்கு எட்டு நிலையம் என்று எட்டு நாளில் அறுபத்து மூன்றையும் சுத்தம் செய்தாள். ஒவ்வொரு பெட்டியிலும் பென் டிரைவ் செருகும் துளைக்கு மின்பூட்டு போடப்பட்டது. சந்திரசூடனின் அலுவலக உத்தரவு எண் இல்லாமல் திறக்காது. பென் டிரைவைச் சந்திரசூடன் பத்திரிகைக்காரர்கள் முன்னிலையில் சுத்தியலால் அடித்தார். முதல் அடி மேசையில் விழுந்தது. அந்தப் படம் அச்சாகவில்லை.

நடுவில் நாற்பத்தொன்றாம் நிலையத்து பிலோமினாளிடமிருந்து ஒரு மனு வந்திருந்தது. பூசைக்கு அந்தப் பாட்டு கட்டாயம் வேண்டும், பாட்டு போடாவிட்டால் மோட்டார் நின்றுவிடும், தயவு செய்து டிரைவைத் திருப்பித் தரவும். ‘மத உணர்வு’ என்று தலைப்பிட்ட கோப்பில் அதைப் போட்டார்கள். மாதா கோயிலுக்குப் போகிற அம்மாவுக்கு அம்மன் பாட்டின் மேல் இவ்வளவு பற்றா என்று குமாஸ்தா வியந்தாரே தவிர, மேற்கொண்டு யோசிக்கவில்லை. அந்த வருடப் பூசையில் ஆப்பரேட்டர்கள் வாயாலேயே பாடினார்கள்.

ஐப்பசி கடைசி வாரத்தில் ஒரு காலை, ஒன்றாம் நிலையத்து ஆப்பரேட்டர் கலியமூர்த்தி போன் செய்தார்.

“மேடம், நம்ம ஒண்ணாம் நம்பரு நின்னு போச்சு.”

“ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா?”

“மூணு தடவ பண்ணிட்டேன். இனிமே தேங்கா ஒடைக்கிறதுதான் பாக்கி. ‘உரிமம் இல்லை’ன்னு செவப்புல எழுதிக் காட்டுது. மோட்டாரு நல்லாருக்கு மேடம். பெட்டிதான் விட மாட்டேங்குது.”

மதியத்துக்குள் இரண்டு, மூன்று, நான்கு என்று எட்டாம் நிலையம் வரை நின்றது. மறுநாள் ஒன்பதிலிருந்து பதினாறு. தையல்நாயகி தன்னுடைய சுத்தம் செய்த பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தாள். முதல் நாள் எட்டு, இரண்டாம் நாள் எட்டு. அவள் கை பட்ட அதே வரிசையில், சரியாக நாற்பத்தைந்து நாள் கழித்து, ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன.

உரிமத்தை யாரிடம் கேட்கிறது பெட்டி? கம்பெனியிடம். வலை இல்லாததால் நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு முறை அவர்கள் ஆள்தான் எண் கொண்டு வந்தாக வேண்டும். கம்பெனி எங்கே? பதினோரு வருடமாக இல்லை. அப்படியென்றால் இத்தனை நாளும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது யார்?

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். மூன்று நாளில் கரையைக் கடக்கும் என்று செய்தி. மதிலுக்குள் கடல் மட்டத்துக்கு இரண்டு மீட்டர் கீழே இருந்தது தாழைக்குடி. ஒன்பதாயிரம் பேர், ஒரு பிரசவ ஆஸ்பத்திரி, தையல்நாயகியின் வீடு. அவள் ‘மத உணர்வு’ கோப்பைத் தேடி எடுத்து மனுவைப் படித்தாள். இரண்டாம் முறை படிக்கும்போது அதில் மதமும் இல்லை, உணர்வும் இல்லை. ஓர் எச்சரிக்கைதான் இருந்தது.

நாற்பத்தொன்றாம் நிலையத்தில் பிலோமினாள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஐம்பத்து நான்கு வயது. காலடியில் ஒரு பை.

“வாங்க மேடம். நேத்தே வருவீங்கன்னு பாத்தேன். ரெண்டு பொடவ, பிரஷ்ஷு, பிரஷர் மாத்திர எல்லாம் எடுத்து வெச்சிட்டேன். போவலாமா?”

“எங்க அக்கா?”

“ஜெயிலுக்குத்தான். வைரஸ் எழுதுனா பத்து வருசமாமே. உங்க ஐயா எழுதுன சட்டத்த பூரா படிச்சிருக்கேன். தமிழ் நல்லாருக்கு.”

“மோட்டார் நிக்கப்போவுதுன்னு தெரிஞ்சும் வெளிப்படையா சொல்லலியே அக்கா.”

“மனு குடுத்தேனே. காரணத்த எழுதுனா பத்து வருசம். எழுதலன்னா பைத்தியக்காரிம்பாங்க. பைத்தியக்காரியே தேவலன்னு நெனச்சேன்.” பிலோமினாள் குரல் இறங்கியது. “பயந்துட்டேன் மேடம். அது தப்புதான்.”

அவள் அந்தக் கம்பெனியின் ஆளாகத்தான் முதலில் வந்தாள். அறுபத்து மூன்று பெட்டியையும் மாட்டியவள் அவள். ஒன்றரை வருடத்தில் கம்பெனி மூடப்போகிறது, அதன் பிறகு பெட்டிகள் உரிமம் கேட்டால் பதில் வராது என்று கடிதம் வந்தபோது அன்றைய அதிகாரியிடம் காட்டினாள். அவர் அதைக் கோப்பில் வைத்துவிட்டு மாற்றலாகிப் போய்விட்டார். பிலோமினாள் மதிலிலேயே ஆப்பரேட்டர் வேலைக்குச் சேர்ந்துகொண்டாள்.

“கல்யாண வீட்டு வாசல்ல பன்னீர் தெளிக்கிறவன பாத்திருக்கீங்கல்ல? உள்ள போற எல்லாரும் அவனத் தாண்டித்தான் போவணும். மாப்ள வீட்டுக்காரன் பொண்ணு வீட்டு ஆளுன்னு நெனப்பான், பொண்ணு வீட்டுக்காரன் மாப்ள வீட்டு ஆளுன்னு நெனப்பான். எவனும் கேக்க மாட்டான். அந்த மாரி ஃபைலு வாசல்ல ஒண்ண நிறுத்துனேன். பெட்டி கேக்குற கேள்வி அத தாண்டி வெளிய போவாது.”

“ஏன் நானூறு நாள்?”

“பூச வருசத்துக்கு வருசம் தள்ளித் தள்ளி வரும்ல, அதுக்கு ஒரு மாசம் சேத்து. அதுக்கு மேல அது இருக்கக் கூடாது. நான் செத்துப் போயிட்டா அது பாட்டுக்கு நாதியத்து எங்கெங்க அலயுமோ. சாவத் தெரியாத ஒண்ண பெத்து விடலாமா?”

தையல்நாயகி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். “அம்மன் பாட்டு ஏன்?”

“மொத வருசம் மாதா பாட்டுதான் வெச்சேன். ஏழு நெலயத்துலதான் போட்டானுவ. அடுத்த மாசமே அம்மன் பாட்ட வெச்சு பூசைய ஆரம்பிச்சு விட்டேன், அறுபத்து மூணும் போட்டுச்சு. மாதா ஒண்ணும் கோவிச்சுக்கல.” பிலோமினாள் எழுந்து தன் பெட்டியின் மேல் கை வைத்தாள். “அது சும்மா வராது மேடம். திரும்பும்போது ஒவ்வொரு பெட்டிலயும் எங்க நோவுதுன்னு ரெண்டு வரி எடுத்துட்டு வரும். முப்பதாம் நம்பரு சூடாவுது, அம்பத்திரெண்டு தண்ணி மட்டத்த தப்பா காட்டுது. அடுத்த பூசைக்கு அதுக்கு மருந்து சேத்து அனுப்புவேன்.”

முப்பதாம் நிலையம் சூடாவது நின்றது மூன்று வருடத்துக்கு முன்பு. சந்திரசூடனின் மூன்றாவது கட்டுரை அதைப் பற்றியதுதான். தையல்நாயகிக்கு ஒரு கணம் மழை, மோட்டார் எல்லாம் மறந்துபோனது. தான் தன் தொழிலில் பார்த்தவற்றிலேயே அழகான ஒன்றை நாளைக்கு எட்டு வீதம் கொன்றுவிட்டு வந்திருக்கிறோம் என்பது மட்டும் இருந்தது.

“எல்லாம் போச்சே அக்கா. புதுசா எழுதணுமா?”

“எதுக்கு? என் பெட்டிய நீங்க கழுவலியே. நீங்க வந்த அன்னிக்கு ஸ்டோர்ல கெடந்த பழய பெட்டிய மாட்டி வெச்சிருந்தேன், அதக் கழுவி, பூட்டு போட்டு, கையெழுத்தும் வாங்கிட்டுப் போனீங்க. இது போன பூசைல ஏறுனது. இன்னும் ரெண்டு வாரம் ஆயுசு இருக்கு. ஒரு டிரைவ இதுல செருகுனா அதுவே எறங்கிக்கும். புதுப் பெட்டிக்குப் போனா அங்கேந்து மறுபடி நானூறு நாளு.” அவள் வெளியே மேகத்தைப் பார்த்தாள். “ஆனா மத்த பெட்டிக்கெல்லாம் உங்க ஐயாவோட பூட்டுல்ல தொங்குது?”

சந்திரசூடன் கண்ணாடி முன் விருது ஏற்புரை பார்த்துக்கொண்டிருந்தார். தையல்நாயகி சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. அதுவே புதிது.

“நான் சுத்தம் பண்ணின வரிசையிலதான் சார் நிக்குது. எம்மேலதான் சார் தப்பு.”

“அதைப் பிறகு பார்க்கலாம். உத்தரவிட்டது நான்.” அவர் நாற்காலியில் மெல்ல அமர்ந்தார். “எழுதியவர் யார்?”

“தெரியாது சார்.”

“உங்களுக்குப் பொய் வரவில்லை, தையல்நாயகி. என்னைப் போலக் கட்டுரை எழுதிப் பழகியிருக்க வேண்டும்.”

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. கணினியில் உத்தரவுப் படிவத்தைத் திறந்தார். பூட்டுகளைத் திறக்க உத்தரவு எண் வேண்டும். எண் வர ஏழு கட்டம் நிரப்ப வேண்டும். ஏழாவது கட்டம்: பெட்டியில் ஏற்றப்படும் நிரலை உருவாக்கியவர் பெயர். அவர் அதைத் தாண்டிப் போகப் பார்த்தார். ‘இக்கட்டம் காலியாக இருக்கலாகாது’ என்றது படிவம். இன்னொரு முறை பார்த்தார். இன்னொரு முறை சொன்னது.

“இந்தக் கட்டத்தைச் சேர்க்கச் சொன்னது நான்தான்,” என்றார். “பொறுப்பேற்க ஒருவர் வேண்டும் என்று இரண்டு மணி நேரம் வாதாடினேன். எல்லோரும் கைதட்டினார்கள்.”

பிறகு எதையோ தட்டினார். எண் வந்தது. அச்சடித்த தாளைப் படிக்காமல் வாங்கிக்கொண்டு ஓடிய தையல்நாயகி, ஜீப்பில்தான் அதைப் பார்த்தாள். ஏழாவது கட்டத்தில்: முனைவர் சந்திரசூடன்.

இதையுமா, என்று நினைத்தாள். பதினோரு வருட உழைப்பை ஒரு கட்டத்தில் தூக்கிப் போட்டுக்கொண்டாரே மனுஷன்!

கோபப்பட நேரமில்லை. மதிலில் இருந்த ஒரே டிரைவ் சுத்தியலுக்கு இரையாகியிருந்தது. கலியமூர்த்தி, ஊரிலிருந்த பழைய வீடியோகாரர் ஒருவரின் பரணிலிருந்து ஒரு டப்பா நிறைய பென் டிரைவ் அள்ளி வந்தார். எல்லாவற்றிலும் முப்பது வருடத்துக்கு முந்திய கல்யாண வீடியோ.

நாற்பத்தொன்றாம் பெட்டியில் ஒரு டிரைவைச் செருகினார்கள். மாப்பிள்ளை அழைப்பு ஓடியது. சத்தமில்லாமல் வைரஸ் இறங்கியது. அதை நாற்பத்திரண்டில் செருகினார்கள். இப்போது இரண்டு பெட்டி. இரண்டிலும் ஆளுக்கொரு டிரைவ், நான்கு பெட்டி. நான்கு எட்டானது. எட்டு பைக் எட்டுத் திசையில் போய்ப் பதினாறாக்கியது. பூசையன்று ஒற்றை டிரைவாக ஊர்வலம் போனது இப்போது மதில் முழுக்கக் காட்டுத் தீ மாதிரி பரவியது. பைக்கின் பின்சீட்டில் மழைக்கோட்டுக்குள் டிரைவை மறைத்துக்கொண்டு பிலோமினாள் தன் பிள்ளை ஓடுவதைப் பார்த்துக்கொண்டே வந்தாள். வண்டி ஓட்டிய தையல்நாயகி மூன்றாவது நிலையத்தில் ‘மேடம்’ ஆக இருந்து, பத்தாவதில் ‘தையலு’ ஆகியிருந்தாள்.

“ஏன் தையலு, நான் இத மொதல்லயே இப்புடி பரப்பியிருக்கணும்ல? பாதி நாளு, அம்புட்டுதான்.”

“பயமா இல்லியாக்கா?”

“எதுக்கு? அதுக்குத் தன்னைத் தெரியும். ஏறுன எடத்துல ரெண்டாந்தரம் ஏறாது.”

ஆறு மணி நேரத்தில் அறுபத்து மூன்றிலும் தாலி கட்டியாயிற்று. ஒன்றாம் நிலையத்துப் பெட்டி, உரிமம் இருக்கிறதா என்று கேட்டது. வாசலில் நின்றவன் இருக்கிறது என்றான். மோட்டார் உறுமியது. மறுநாள் வானம் மூன்று நாள் மழையை ஒரே நாளில் கொட்டியது. தாழைக்குடியில் தண்ணீர் முழங்கால் வரை வந்து, கொஞ்சம் யோசித்து, வடிந்தது. பிரசவ ஆஸ்பத்திரியில் அன்று பிறந்த ஐந்து குழந்தையும் உலர்ந்த துணியில்தான் பிறந்தன.

பத்திரிகைகள் ‘சந்திரசூடன் தடுப்பூசி’ என்று எழுதின. அடுத்த வாரம் அவர் தையல்நாயகியைக் கூப்பிட்டு, வைரஸை வரி வரியாக விளக்கச் சொன்னார். காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் வரை. பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டார். ஒரே கேள்வியை மூன்று முறை கேட்டார். “வாலிலிருந்து தலைக்கு எப்படித் திரும்புகிறது? இன்னொரு முறை.” ஐந்தாவது கட்டுரை தயாராகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவள் சொல்லிக்கொடுத்தாள்.

விசாரணைக்குத் தலைநகரிலிருந்து நஜ்முதீன் என்றோர் அதிகாரி வந்தார். வாரியத்தின் கூட்ட அறையில் பின்வரிசையில் ஆப்பரேட்டர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சாட்சி சொல்ல வந்த தையல்நாயகியிடம் அவர் ஒரு கடிதத்தை நீட்டி, கையெழுத்து யாருடையது என்று கேட்டார்.

சந்திரசூடனுடையது. ‘சட்டத்தின் ஒன்பதாம் பிரிவின்படி நான் குற்றவாளி. இந்நிரலை உருவாக்கியதும் பரப்பியதும் நானே. வேறு எவருக்கும் இதில் அறிவோ பங்கோ இல்லை. என் மீது நடவடிக்கை எடுக்கக் கோருகிறேன்.’ தேதியைப் பார்த்தாள். பூட்டுகளைத் திறந்த நாள். நேரத்தைப் பார்த்தாள். அவள் தாளை வாங்கிக்கொண்டு ஓடிப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். மழை இன்னும் வரவில்லை. மோட்டார்கள் ஓடுமா என்றுகூட அவருக்கு அப்போது தெரியாது. பாடம் கேட்டது அதற்கு ஒரு வாரம் கழித்து.

கட்டுரைக்கு அல்ல. இன்றைக்கு.

“அவர் கையெழுத்துதான் சார்,” என்றாள்.

சந்திரசூடன் எழுந்தார். முதல் வரியை மாற்றுவது, வாலில் ஒட்டுவது, அடையாளம் தேடுவது, மோட்டார் ஓயும்வரை காத்திருப்பது, நானூறு நாள். நாற்பது நிமிடம். ஒரு தப்பு இல்லை. இருபது வருடத்தில் அவர் பேசிய பேச்சிலேயே விஷயம் இருந்த பேச்சு அதுதான். நஜ்முதீனும் இந்தத் தொழில் தெரிந்தவர். பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். முடிந்ததும் சொன்னார்:

“ரொம்ப அருமையான வேலை சார். பிடிக்க வந்தவன் இப்படிச் சொல்லக் கூடாது. எழுத எவ்வளவு நாள் ஆச்சு?”

அதைத் தையல்நாயகி சொல்லிக்கொடுக்கவில்லை. அவளுக்கே தெரியாது. சந்திரசூடன் ஒரு நொடி விழித்தார். பிறகு கையை லேசாக வீசினார்.

“இதற்கென்ன நாள்? ஒரே அமர்வு.”

பின்வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

“ஒரே அமர்வா?” பிலோமினாள் எழுந்து நின்றாள். “பதினாலு மாசம்யா! ராத்திரி பகலா பதினாலு மாசம்! எழுதுனவளுக்குத்தான்...”

“உட்காருங்கள் அம்மா!” சந்திரசூடனின் குரல் கூரையில் இடித்தது. “விசாரணை அதிகாரி அவர்களே, மன்னிக்க வேண்டும். இவர் பம்ப் ஆப்பரேட்டர். பொத்தானை அமுக்குவது இவர் வேலை, அதையும் மேற்பார்வையோடு. இன்றைக்கு இந்த அம்மா வைரஸ் எழுதினேன் என்பார், நாளைக்கு வாட்ச்மேன் ராக்கெட் விட்டேன் என்பார். முனைவர் பட்டம் இல்லாமல் இதை ஒருவர் எழுத முடியுமா? நினைத்துப் பாருங்கள். கேலிக்கூத்து!”

அறையில் சிலர் சிரித்தார்கள். பிலோமினாள் முகம் சிவந்து, மறுபடி வாயைத் திறந்தாள். சாட்சி சொல்லிவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்த தையல்நாயகி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

நஜ்முதீன், சந்திரசூடனையும் பிலோமினாளையும் மாறி மாறிப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து, எழுதிக்கொண்டே வாய்விட்டுச் சொன்னார்: “உருவாக்கியவரின் வாக்குமூலம். எடுத்துக்கொண்ட காலம், ஒரே அமர்வு.” நிமிர்ந்தார். “புதுப் பெட்டி டெண்டர் முடியுறவரைக்கும் அந்த நிரல் இருக்கட்டும். எடுக்கச் சொல்ல எனக்கு அதிகாரம் இருக்கு, தைரியம் இல்லை. சார், நீங்க எங்கூட வரணும்.”

“வருகிறேன். முன்சீட்டில்தானே?” என்றார் சந்திரசூடன், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு.

அவர் போகிற வழியில் கலியமூர்த்தி எழுந்து நின்றார். அவர் நின்றதும் ஆப்பரேட்டர்கள் எல்லோரும் நின்றார்கள். சந்திரசூடன் வழக்கம்போல யாரையும் பார்க்காமல் நடந்தார்.

பிலோமினாள் மட்டும் உட்கார்ந்தே இருந்தாள்.

“தையலு, அந்தாளு என்னையத் திட்டுனாரா, காப்பாத்துனாரா?”

“ரெண்டுந்தான் அக்கா.”

பிலோமினாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

“நல்ல மனுசந்தான்,” என்றாள் கடைசியில். “ஆனா ஒரு ஆறு மாசம்னாவது சொல்லியிருக்கலாம்டி.”